கருங்காய் பழகிய கை

கருங்காய் கறுப்பாக இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏலக்காய் மூட்டையை ஏற்றி இறக்கிப் பிழைக்கிற போடிக்காரர்களிலேயே பல பேர், கருங்காய் என்றால் கெட்டுப்போன காய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அம்மாள், கழுத்து நிறைய நகை, "கருங்காயையெல்லாம் பொறுக்கி எறிஞ்சுட்டுத்தானே விப்பாங்க?" என்று கேட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காய்க்காகத்தான் நாங்கள் விடியுமுன் எழுந்து ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலைக்குப் போகிறோம். அது எறிய வேண்டிய காயாம்.

தோல் பச்சையாகத்தான் இருக்கும். உள்ளே விதை கறுத்திருக்கும். விதை முற்றிவிட்டது, தோல் இன்னும் மஞ்சளாகவில்லை; நடுவில் இருக்கிற அந்தச் சில நாட்களுக்குத்தான் கருங்காய் என்று பேர். அதற்கு முன்னால் பறித்தால் இளங்காய். பிளந்து பார்த்தால் விதை அரிசி மாதிரி வெளுத்திருக்கும், வாசம் இருக்காது, உலர்த்தினால் சுருங்கிப் போகும். நாள் கடந்துவிட்டால் பழம். மஞ்சளாகி வெடித்து, எலிக்கும் அணிலுக்கும் போகும்.

வெளியிலிருந்து பார்த்தால் இளங்காயும் கருங்காயும் ஏறத்தாழ ஒன்றுதான். ஏலச்செடியில் காய் மேலே காய்க்காது. தூருக்கு அடியிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி மண்ணோடு படுத்துக் கிடக்கும். சரத்தின் அடியில் கருங்காய், நடுவில் இளங்காய், நுனியில் பிஞ்சும் பூவும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காயைப் பிடித்து லேசாகத் திருக வேண்டும். கருங்காய் என்றால் தானாகக் கையில் விழும். இளங்காய் வரமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். முரண்டு பிடித்தால் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. ஆனால் அந்த முரண்டு விரலுக்குத் தெரிய எனக்கு மூன்று எடுப்புக் காலம் ஆயிற்று. படித்தது எட்டாம் வகுப்பு. காய் எடுத்தது இருபத்தாறு வருசம். என் சாக்கைத் தட்டிப் பார்த்து இளங்காய் கிடக்கிறது என்று எந்தத் தோட்டத்திலும் ஒருவர் சொன்னதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததைச் சொல்ல இது வேண்டும்.

எங்கள் ஜீப்பில் வருகிற பெண்கள் இந்தச் சொல்லைக் காய்க்கு மட்டும் வைத்திருக்கவில்லை. ஒருத்தி மாசமாக இருந்தால், "என்னத்தா, கருங்காய் ஆயிருச்சா?" என்றுதான் கேட்போம். நாள் நெருங்கிவிட்டதா, பிள்ளை முற்றிவிட்டதா என்று அர்த்தம். மாதம் நிறையாமல் கலைந்துவிட்டால், எளக்காயாப் போச்சு என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவோம். என் மகளுக்கு இரண்டு தடவை அப்படித்தான் போயிற்று. இரண்டாவது தடவை ஆறாம் மாதம். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அந்தக் கனத்தை, கனமே இல்லாத அந்தக் கனத்தை, நான் எழுதப் போவதில்லை.

மூன்றாவது உண்டானபோது, நாங்கள் வேலை செய்கிற தோட்டத்து அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். பெரிய கோயில் இல்லை. பலா மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், மஞ்சள் துணி. பிள்ளை நாள் நிறைந்து முழுசாகப் பிறந்தால், என் கையால் பறித்த நூற்றெட்டுக் கருங்காயைப் பச்சையாகக் கோத்து மாலை போடுகிறேன் ஆத்தா என்று வேண்டினேன். இது நானாகக் கண்டுபிடித்த வேண்டுதல் இல்லை. பிள்ளைக்காக வேண்டுகிற பெண்கள் அங்கே இதைத்தான் செய்வார்கள். இதற்கென்று அம்மன் கல்லை ஒட்டி இரண்டு தூர் உண்டு, பழைய நாட்டுச் செடி, நிழலில் நிற்பதால் காய்ப்பும் கம்மி. அதில் யாரும் கூலிக்குக் காய் எடுக்கமாட்டார்கள். மாலைக்கு மட்டும்தான். அந்த மாலையில் ஒரு இளங்காய்கூட இருக்கக் கூடாது. விதை வெளுத்த காயை அவள் கழுத்தில் போடுவது, முற்றாத பிள்ளையைக் கொண்டுபோய் அவள் மடியில் வைப்பதற்குச் சமம். பிறந்து மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

ஆடியில் பேத்தி பிறந்தாள். பத்து மாதமும் நிறைந்து, தொண்டை கிழிய அழுதுகொண்டு பிறந்தாள். ஐப்பசிக்குள் மாலை போட வேண்டும். தூரில் காய் பிடித்திருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் ஒரு காலை, தகர ஷெட்டில் பேர் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தோம். கங்காணி வந்தான். ராசிங்காபுரத்துப் பையன், என்னைவிட இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அக்கா, இன்னைலருந்து பாத்து எடுக்க வேணாம். வழிச்சு எடுங்க."

"என்னத்த வழிக்க?"

"எல்லாத்தையுந்தான். கருங்காய், இளங்காய், பிஞ்சுன்னு பாக்க வேணாம். கைல வர்றது சாக்குல."

என் அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, என்னோடுதான் காய் எடுக்கிறாள். வாயை மூடத் தெரியாதவள். "அப்பக் கண்ணக் கழட்டி வீட்லயே வச்சுட்டு வந்துரலாம்ப்பா. ஜீப்புல எடமாச்சும் மிஞ்சும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இளசப் பிச்சா சரம் கிழியும் தம்பி. நுனியில பூ நிக்கிது. அதுதான அடுத்த எடுப்புக்குக் காயி?"

"தையோட குத்தகை முடியுதுக்கா. தோட்டக்காரரு திரும்பக் குடுக்க மாட்டேன்னுட்டாரு. அடுத்த எடுப்புக்கு எங்க மொதலாளி இருக்கப் போறதில்ல."

"நாம இருப்போம்ல?"

"அத அவருகிட்டக் கேளுங்க. நாளைக்கு ஜீப்புல ஏறுறீகளா இல்லையா, அத மட்டும் எங்கிட்டச் சொல்லுங்க."

சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசைக்குப் போனோம். குத்தகைக்காரர் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு போனேனே, அந்தக் கோபம் என்னோடுதான் கிடக்கிறது.

வழிப்பது எப்படியென்றும் சொல்லிவிடுகிறேன். இடது கையால் சரத்தின் நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கையின் மூன்று விரலை அடியில் கொடுத்து, நுனி வரைக்கும் ஒரே இழுப்பு. கருங்காய், இளங்காய், பிஞ்சு, பூ எல்லாம் உள்ளங்கைக்கு வந்துவிடும். பூவை ஊதிவிட்டு மிச்சத்தைச் சாக்கில் போட வேண்டும். சரம் நார் நாராகத் தொங்கும். முதல் நாள் ஒவ்வொரு இழுப்புக்கும் ஆத்தா மன்னிச்சுக்க, ஆத்தா மன்னிச்சுக்க என்று சொல்லிக்கொண்டே இழுத்தேன். மூன்றாம் நாள் அதைச் சொல்ல மறந்துபோயிற்று. பத்தாம் நாள் பேசிச் சிரித்துக்கொண்டே இழுத்தேன். சாக்கு வெரசாக நிறைந்தது. பச்சைக் காயை உலர்த்துகிற ஸ்டோரில் நிற்கிற ஆள், காய் உலர்ந்து வந்ததைக் காட்டி, "என்னம்மா, உமியக் கொண்டாந்து குடுக்குறீங்க?" என்று மூக்கைச் சுளித்தான். அவனையும் திட்டினேன். யாரைத் திட்டாமல் விட்டேன்?

ஒரே ஒரு ஆறுதல், அம்மன் தூர் இரண்டிலும் யாரும் கை வைக்கவில்லை. கங்காணியிடம் முன்னமே சொல்லிவிட்டேன். அவனும், "அதத் தொட எனக்கென்ன கிறுக்கா?" என்றான். தினமும் மத்தியானச் சோற்றுக்கு அந்தப் பலா மரத்தடிக்குப் போய், காயைத் தொடாமல் பார்த்துவிட்டு வருவேன். ஐப்பசி பிறந்தது. காய் கொழுகொழுவென்று, தோல் ஒரு துளி வெளுத்து நின்றது. வருகிற வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஜீப்பில் ஏறினேன். புது நூல், ஊசி, பித்தளைத் தட்டு, கற்பூரம், எல்லாம் மஞ்சள் பையில். மழை தூறிக்கொண்டிருந்தது. அட்டைக்குக் காலில் புகையிலையும் உப்பும் தேய்த்துக்கொண்டு, மத்தியானம் மதினியோடு மரத்தடிக்குப் போனேன். கும்பிட்டுவிட்டு முதல் தூரின் முன்னால் உட்கார்ந்தேன். மதினி பின்னால் கல்லில் உட்கார்ந்து, பேத்தியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொகம் யாரு மாதிரி? ஒன் மருமகன் மாதிரின்னா சொல்லு, இப்பவே ரெண்டாவது மால நேந்துக்குறேன்."

"போங்க மதினி. என் மகதான். மூக்கு மட்டும் கொஞ்சம் சப்ப."

"அப்ப எங்க ஊட்டு மூக்கு."

"ஒங்க ஊட்டு மூக்கு எங்குட்டு வரும்? ஒங்க ரத்தமா எங்க ரத்தத்துல ஓடுது?"

சிரித்தோம். பிள்ளை கொட்டாவி விடுவதை, தூக்கத்தில் உதட்டைச் சப்புவதை, சொல்லிக்கொண்டே இருந்தேன். திடீரென்று மதினியின் பேச்சு நின்றது.

"ஏ ஆத்தா. என்ன செய்ற நீயி?"

குனிந்து பார்த்தேன். என் இடது கை ஒரு சரத்தின் நுனியைப் பிடித்திருந்தது. வலது கை நிறையக் காய். பிஞ்சும் பூவும் காயும் ஒன்றாக. தட்டில் ஏற்கெனவே அதே மாதிரி ஒரு குவியல். முதல் தூரின் சரமெல்லாம் நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று பாக்கியில்லை. ஒரு தூரையே வழித்து முடித்திருந்தேன். நான் பேத்தியைப் பற்றிப் பேசினேன், கை அதன் சோலியைப் பார்த்துவிட்டது.

தட்டில் இருந்து ஒரு காயை எடுத்துப் பிளந்தேன். வெள்ளை. இன்னொன்று. வெள்ளை. மூன்றாவதைப் பிளக்கப் போனபோது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அழவில்லை. அழுதேன் என்று எழுதினால் வாசிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். எனக்கு வந்தது கோபம். என் வலது கையை அந்தப் பலா மரத்தில் ஓங்கி அடித்தேன். இருபத்தாறு வருசமாகக் காயை அறிந்த கை. இருட்டில் கொடுத்தாலும் கருங்காயைச் சொல்லுகிற கை. ஒரு மாதத்தில் அதைக் கெடுத்துவிட்டார்கள். கெடுத்துவிட்டார்கள் என்ன, நான்தான் கெடுக்கக் கொடுத்தேன்.

"இன்னொரு தூரு இருக்குல்ல," என்றாள் மதினி. "நான் எடுக்கவா?"

"எங்கையாலன்னு நேந்திருக்கேன் மதினி."

"அப்ப எடது கையால எடு. அதுக்கு வழிக்கத் தெரியாது."

"சாமிக்கு எடது கையாலயா? என்ன பேசுறீக?"

"அப்ப நான் ஒண்ணு சொல்றேன், அத மட்டும் செய்யி. பேசாத. நானும் பேசல. ஒரு காய எடுக்கதுக்கு முன்னால ஆத்தா பேரச் சொல்லு. சொல்லி முடிச்சிட்டுத் திருகு."

வாயை மூடத் தெரியாதவள் மூடிக்கொண்டாள். அப்படியே செய்தேன். பிடிப்பது, பேர் சொல்வது, திருகுவது, முரண்டு பிடித்தால் விடுவது. முதல் பத்துக் காய்க்கு விரலில் ஒன்றுமே தெரியவில்லை, மரக்கட்டை மாதிரி இருந்தது. பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ, ஒரு காய் வரமாட்டேன் என்றது. அது எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு முரண்டுக்கு நான் அம்மனை எத்தனை தடவை கும்பிட்டிருப்பேன். முதல் பத்தையும் நம்பாமல் தனியே ஒதுக்கினேன். மேற்கொண்டு எடுத்ததை எண்ணிக்கொண்டே போனேன். சோற்று நேரம் முடிந்து வரிசைக்குக் கூப்பிடுகிற விசில் அடித்தது. நாங்கள் எழவில்லை.

அறுபத்தொன்றாவது காயில் குத்தகைக்காரரின் ஜீப்பு வந்து நின்றது. எங்கள் ஊர்க்காரர்தான். நெற்றி நிறைய விபூதி. ஆடியில் கூழ் ஊற்றுகிறவர், அன்னதானத்துக்கு முதல் ஆளாக நிற்கிறவர். பக்தி இல்லாதவர் என்று சொல்ல முடியாது, அதுதான் எனக்கு அடங்கவில்லை. கங்காணி பின்னாலேயே குடையோடு ஓடி வந்தான்.

"என்னம்மா, வேல நேரத்துல இங்க என்ன?"

"அம்மனுக்கு மாலைக்குக் காயெடுக்கேன் மொதலாளி. வேண்டுதல்."

"வேண்டுதல மத்தியானச் சோத்து நேரத்துல முடிக்கணும்." தட்டைப் பார்த்தார். வழித்த குவியலைப் பார்த்தார். "அதான் ஒரு தூர வழிச்சிட்டியே. அதச் சாக்குல போடு. இன்னொண்ணையும் வழிச்சுட்டு வெரசா வரிசைக்குப் போ."

மதினி வாயைத் திறக்கப் போனாள். நான் முந்திக்கொண்டேன். எழுந்து, அந்தக் குவியலை இரண்டு கையாலும் அள்ளி, அவர் முன்னால் நீட்டினேன்.

"இது அம்மன் தூரு காயி மொதலாளி. நீங்க வழிக்கச் சொன்ன பழக்கத்துல எங்கை வழிச்சிருச்சு. எல்லாம் வெள்ள வெத. நான் சாக்குல போடமாட்டேன். ஒங்களுக்கு வேணும்னா ஒங்க கைல வாங்கிக்கங்க."

"என்னடா பேசுது இது?" என்று கங்காணியிடம் கேட்டார். கங்காணி குடையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கைல வாங்குங்க. ஆத்தா பாத்துக்கிட்டிருக்கா. அவ முன்னால வாங்குங்க. ஒங்க ஊட்லயும் மருமக மாசமா இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

இந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. வயிற்றில் இருக்கிற பிள்ளையை இழுத்திருக்கக் கூடாது. அதற்காக அம்மனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்கு அவர் செய்ததைப் பார்த்தேன். நீட்டிய காயை வாங்க வந்ததுபோல ஒரு கணம் அவர் கை உயர்ந்தது. உடனே அதைப் பின்னால் இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். காய் அவர் மேல் படவே இல்லை. துடைத்துக்கொண்டார். அப்படியே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அப்படியென்றால் அவருக்குத் தெரியும். கருங்காய் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். இளங்காய் என்றால் என்ன, அதை யார் முன்னால் கையில் வாங்கக் கூடாது, எல்லாம் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் நான் இந்நேரம் மறந்திருப்பேன். தெரிந்து, எங்கள் கையைக்கொண்டு செய்தார்.

அந்த வெள்ளை விதைக் காய்களையும், ஒதுக்கி வைத்த பத்தையும் அம்மன் கல்லுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். இரண்டாவது தூரில் அதற்கு மேல் ஒரு காயும் தானாகக் கையில் விழவில்லை. அறுபத்தொரு கருங்காயைக் கோத்துச் சூலத்தில் போட்டேன். நூலில் பாதி வெறுமையாகத் தொங்கியது. கற்பூரம் மழையில் இரண்டு தடவை அணைந்து, மூன்றாம் தடவை நின்று எரிந்தது. "நூத்தெட்டுச் சொன்னேன் ஆத்தா, கொறச்சலாக் கொண்டாந்திருக்கேன். மிச்சம் இந்தத் தூர்ல இருக்கு. அது கருக்கட்டும், வர்றேன்" என்று சொன்னேன். மூன்று மாதக் கெடு தாண்டிவிடுமே என்று மதினியிடம் புலம்பினேன்.

"ஆத்தா என்ன கங்காணியா, விசிலு ஊதுறதுக்கு?" என்றாள்.

மறுநாள் காலை ஜீப்பு நிற்கிற முக்கில் கங்காணி என்னைப் பார்க்காமல், "இன்னைக்கு ஆளு நெறஞ்சிருச்சுக்கா" என்றான். ஜீப்புக்குள் என் இடம் காலியாகக் கிடந்தது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதினி இறங்கப் போனாள், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவளே யோசித்து உட்கார்ந்துகொண்டாள். "நானும் எறங்கிட்டா ஒன் தூர யாரு பாக்குறது?" என்று ஜீப்பு கிளம்பும்போது கத்தினாள். அன்றிலிருந்து எனக்கு மலையில் வேலை இல்லை. கீழே ஒரு கிடங்கில் காய் தரம் பிரிக்கப் போகிறேன். என் முன்னால் வந்து கொட்டுகிற காயில் சுருங்கிப்போனதைப் பொறுக்கி ஒதுக்குவதுதான் சோலி. யார் யார் தோட்டத்திலோ வழித்தது. ஒவ்வொன்றையும் ஒதுக்கும்போது, இதை எந்தப் பெண் ஆத்தா பேரைச் சொல்லிக்கொண்டு இழுத்தாளோ, எத்தனையாம் நாள் சொல்ல மறந்தாளோ என்று நினைத்துக்கொள்கிறேன். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

ஐப்பசி முடிந்து கார்த்திகையும் பாதி போய்விட்டது. நாற்பத்தேழு காய் பாக்கி. இரண்டாவது தூரை இன்னும் யாரும் தொடவில்லை. குத்தகைக்காரர் அந்தப் பக்கம் ஜீப்பை நிறுத்துவதே இல்லை என்று மதினி சொல்கிறாள். சாயந்திரம் ஜீப்பிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் என் வாசலுக்கு வந்துவிடுவாள். இடுப்பில் சாக்கு வாசம் அப்படியே இருக்கும்.

நேற்றும் வந்தாள். பேத்தி என் மடியில் இருந்தாள்.

"அடிச்சரத்துல முப்பது தேறும். தோலு வெளுத்திருக்கு. ஒண்ண லேசாப் பிடிச்சுப் பாத்தேன், வருவேனா வரமாட்டேனாங்குது."

"தொடாதீக மதினி."

"தொடலத்தா. பிடிச்சுத்தான் பாத்தேன்."

"பிடிக்கவும் வேணாம். வெள்ளிக்கெழம மெட்டு வரைக்கும் பஸ்சுல வந்து, மேல நடந்து வர்றேன். முப்பதப் போட்டுட்டு, மிச்சத்துக்குப் பெறகு வர்றேன். கங்காணிகிட்டச் சொல்லி வைங்க. தடுத்தான்னா, அம்மன்கிட்டப் போறேன், ஒங்கிட்ட வேல கேக்க வரலன்னு சொல்லுங்க."

"கை எப்பிடி இருக்கு?"

வலது கையை விரித்துப் பார்த்தேன். பேத்தி சுண்டுவிரலைப் பிடித்து வாய்க்கு இழுத்தாள். நான் இழுக்கவில்லை. அவளாக விடுகிற வரைக்கும் அப்படியே வைத்திருந்தேன்.